கிளிநொச்சியில வாங்கின இரணைமடு பிரிண்ட்

ஏ9 ரோட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன ஸ்டூடியோவில ஒரு தம்பி தான் எடுத்த படங்களை லிமிட்டட் எடிஷனா விக்கிறார், விடியப்புறம் இரணைமடுக் குளத்தை எடுத்தது ஒண்டு வாங்கினன். பேப்பர்தான் விஷயமே. ஹானமூலே எண்ட ஜெர்மன் கொம்பனியின்ர போட்டோ ராக், 308 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 308 கிராம், நல்ல தடிப்பு), முழுக்கப் பருத்தி, துளி மினுக்கம் இல்லை, கறுப்பு நல்ல ஆழமா விழுந்திருக்கு, பிக்மென்ட் இங்க் (நிறத்தூள் மை) எண்டபடியா கெதியில மங்காது. வெள்ளை விளிம்பில பென்சிலால 4/15 எண்டு போட்டுக் கையெழுத்தும் வச்சிருக்கு, அதாவது 15 பிரதியில இது நாலாவது, 15க்கு மேல அடிக்கமாட்டார், ஆனா வேற சைசில இன்னொரு எடிஷன் வருமோ எண்டு கேட்டு எழுதி வாங்குங்கோ, கன பேர் அதைக் கேக்கிறேல்லை.

பிரேம்தான் சொதப்பல். பின்னுக்குச் சாதாரண மட்டைய வச்சு கண்ணாடியோட ஒட்டினாப்போல அடிச்சுத் தந்தினம், எங்கட வெக்கைக்கும் மாரி ஈரத்துக்கும் படம் கண்ணாடியில பிடிச்சிடும், பிறகு உரிச்செடுக்கேலாது. படம் கண்ணாடியில முட்டாமல் இடையில வைக்கிற அசிட் இல்லாத மட்டை, மவுண்ட் போர்ட், கேட்டா முழிக்கினம் (பாவம், இஞ்ச ஆர் கேக்கிறது). பிரிண்டை மட்டும் வாங்குங்கோ, பிரேமை வேற இடத்தில பாருங்கோ. விலை கூடத்தான், எண்டாலும் அந்தப் பேப்பருக்குக் குடுக்கலாம்.