மீன் தொட்டிக்கு நீல லைட்டா, பிங்க்கா, வெள்ளையா, ஆர்ஜிபியா?

சென்னை கொளத்தூர் மீன் கடைகள்ல பாத்திருப்பீங்க, ஃப்ளவர்ஹார்ன், பேரட் மீன் இருக்குற தொட்டிக்கு மேல பிங்க் ட்யூப்தான் பெரும்பாலும் எரியும். மீன் ரத்தச் சிவப்பா ஜொலிக்கும், வீட்டுக்கு கொண்டுவந்து சாதா லைட்ல வச்சா வெளிறிப்போன ஆரஞ்சு. மீன் கலர் மாறல, லைட்டுதான் மாறிச்சு. வாங்குறதுக்கு முன்னாடி மொபைல் டார்ச் அடிச்சு ஒரு தடவ பாத்துக்கோங்க, கடைக்காரர் முறைச்சாலும் பரவால்ல.

பிங்க்ல இருக்கறது சிவப்பும் நீலமும், பச்சை ரொம்ப கம்மி. செடிக்கு வேண்டியதும் முக்கியமா அந்த ரெண்டும்தான், அதனால செடி நல்லாவே வளரும், ஆனா திருப்பி அனுப்ப பச்சை வெளிச்சமே இல்லாததால இலை கருத்து அழுக்கா தெரியும். சிவப்பு மீன் மட்டும், செடி கிடையாதுன்னா பிங்க் ஓகே.

நீலம் இன்னும் மோசம், நன்னீர் தொட்டிக்கு சொல்றேன். கோல்டுஃபிஷ்ஷ நீல லைட்ல பாருங்க, ஏதோ சாம்பல் கட்டி நீந்துற மாதிரி இருக்கும், ஏன்னா அது திருப்பி அனுப்ப வேண்டிய ஆரஞ்சு, சிவப்பு வெளிச்சமே அங்க இல்ல. நியான் டெட்ராவுக்கு நீலக் கோடு செமயா மின்னும், ஆனா பின்பக்க சிவப்பு இருட்டாயிடும், பாதி மீனுக்குதான் காசு கொடுத்தீங்களா? நீலம் உண்மையிலயே வேலை செய்யற இடம் கடல் தொட்டி. கடல்ல சிவப்பு வெளிச்சம் மேல இருக்குற சில மீட்டர்லயே தண்ணியில கரைஞ்சு போயிடும், ஆழத்துக்கு போறது நீலம்தான், பவளத்துக்குள்ள வாழ்ற பாசி அதுக்கு பழகினது. 420ல இருந்து 460 நானோமீட்டர் நீலத்துல பவளம் பச்சையும் ஆரஞ்சுமா ஒளிரும், அந்த அழகுக்கு வேற லைட் ஈடு கிடையாது.

ரிமோட்டோட வர்ற மலிவு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ஸ்ட்ரிப் இருக்கே, அதுல வெள்ளைன்னு வர்றது மூணு கலரையும் கலந்து செஞ்ச வெள்ளை, இடையில இருக்குற மஞ்சள் எல்லாம் ஓட்டை. மஞ்சள் கப்பி மீன் எல்லாம் இயல்பா இருக்காது. ஃப்ளாஷ் மோட் போடவே போடாதீங்க, மீனுக்கு கண் இமை கிடையாது, சட்டு சட்டுனு வெளிச்சம் மாறினா மிரண்டு கண்ணாடியில முட்டும். வீட்டுக்கு வர்ற குழந்தைங்க கையில ரிமோட் சிக்கினா முடிஞ்சுது கதை.

என் ஓட்டு டபிள்யூஆர்ஜிபிக்குதான். வெள்ளைக்கு தனி எல்ஈடி, கூடவே மூணு கலரும். விலை கூடதான், ஆனா சிவப்பை கொஞ்சம் ஏத்தி வச்சா ரொட்டாலா மாதிரி செவந்த செடியும், சிவப்பு மீனும் பளிச்சுனு தெரியும், பச்சையும் பச்சையாவே இருக்கும். அவ்ளோ பட்ஜெட் இல்லையா, 6500 கெல்வின் (வெளிச்சத்தோட நிற அளவு) வெள்ளை எல்ஈடி ஒண்ணு போதும், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி செடிக்கு அதுவே தாராளம். 10000 கெல்வின்னு போட்டிருந்தா நீலம் கலந்த வெள்ளை, தண்ணி கண்ணாடி மாதிரி தெரியும், சிவப்பு மீனுக்கு அவ்ளோ எடுபடாது.

ராத்திரி நீல மூன்லைட் வேணும்னா தூங்கப்போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ரசிச்சிட்டு அணைச்சிடுங்க, மீனுக்கும் இருட்டு வேணும். பாசி புடிக்குதுன்னு கலரை குறை சொல்றதுக்கு முன்னாடி எத்தன மணி நேரம் எரியுதுன்னு பாருங்க, ஆறுல இருந்து எட்டு மணி நேரம் போதும், ஒரு டைமர் மாட்டிட்டா அது பாட்டுக்கு ஓடும்.

லைட்டுக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி தொட்டி பின்பக்கம் கருப்பு சார்ட் பேப்பர் ஒட்டிப் பாருங்க, கலர் எடுப்பா தெரியும், பாதி பேருக்கு புது லைட்டே தேவைப்படாது.