கன்சன் ஈசிபிளீட்: பழைய கார் பிரேக்கில் ஏர் எடுக்க வாங்கலாமா?

பெடலை மிதிக்க ஆள், சக்கரத்தருகே காற்றை வெளியே விடும் திருகான பிளீடர் நிப்பிளைத் திறந்து மூட இன்னொரு ஆள் என்று இல்லாமல், ஒருவரே பிரேக்கில் ஏர் எடுக்க, அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற, உதவும் எளிய கருவி இது. ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ஹோஸ்கள், பல அளவு மூடிகள், அவ்வளவுதான். ஒரு ஹோஸை ஸ்டெப்னி டயரின் வால்வில் மாட்ட வேண்டும். இன்னொன்று, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டேங்க் மூடிக்குப் போகும். டயர் காற்று, பாட்டிலில் உள்ள பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும். நிப்பிளைத் திறந்தால் ஆயிலும் காற்றுக் குமிழும் தாமாக வெளியே வரும்.

ஆள் மிச்சம் என்பதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் ஓடும் பகுதி மட்டும் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கிறோம் என்று பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் வாஷர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். காலையில் நன்றாக இருந்த சிலிண்டர் மாலையில் ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஈசிபிளீடில் பெடலைத் தொடவே வேண்டாம். பழைய காருக்கு இதை வாங்கச் சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

கவனம் முழுக்க மூடியில்தான் இருக்க வேண்டும். ஸ்டெப்னியில் காற்றை 20 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். டேங்க் பழைய பிளாஸ்டிக் என்றால் 10 முதல் 15 போதும். முதலில் ஆயில் ஊற்றாமல் வெறும் காற்றை விட்டு, மூடியில் கசிவு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கசிகிற மூடியோடு ஆயிலை ஏற்றினால் அது பீய்ச்சியடித்து பெயின்ட்டை உரித்துவிடும். மட்கார்டைத் துணியால் மூடி, சிந்தினால் கழுவப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது. மோரிஸ் மைனர் போல மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும் கார்களுக்குக் கூடவே வரும் மூடிகள் பொருந்தாமல் போகலாம். உபரியாக ஒரு மூடி வாங்கித் துளையிட்டு இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

டிரம் பிரேக் (சுழலும் டிரம்மை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்தும் வகை) என்றால் ஏர் எடுக்கும் முன் எல்லா ஷூக்களையும் டிரம்மோடு ஒட்டும்வரை அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் காற்று தங்கும் இடம் குறையும். இதைச் செய்ததுமே பெடல் கெட்டியாகிவிட்டால் உங்களுக்கு ஏர் பிரச்சினையே இல்லை, ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். நிப்பிளை அரைச் சுற்று திறந்தால் போதும். பாட்டிலில் ஆயில் தீர விடாதீர்கள், தீர்ந்தால் டயர் காற்று நேராக லைனுக்குள் போய்விடும்.

எவ்வளவு ஆயில் விட்டும் பெடல் பஞ்சாகவே இருந்தால், வளையும் ஹோஸ்கள் எல்லாவற்றையும் முனை மழுங்கிய ஹோஸ் கிளாம்பால் அழுத்திவிட்டுப் பெடலை மிதியுங்கள். அப்போதும் பஞ்சு என்றால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில் அல்லது இரும்புக் குழாயில். கெட்டியானால் ஒவ்வொரு கிளாம்பாக எடுங்கள். எதை எடுக்கும்போது பெடல் இறங்குகிறதோ அந்தச் சக்கரத்தில் கோளாறு. அங்கே நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக்கில் பேடுகளை அழுத்தும் கேலிப்பரை இடது வலது மாற்றிப் பொருத்தினால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும். எந்தக் கருவியாலும் அதை எடுக்க முடியாது.

இந்தக் கருவி தீர்க்காத கோளாறுகளும் உண்டு. பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல இறங்கி, வெளியே எங்கும் ஒழுகல் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் போய்விட்டது. ஓடி ஓடிச் சூடானதும் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால், பிடித்த சக்கரத்தின் நிப்பிளைத் திறந்து பாருங்கள். அப்போதும் விடவில்லையென்றால் ஷூ, ஹேண்ட் பிரேக் கேபிள் பக்கம் தேடுங்கள். விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. நிப்பிளை மூடி, மறுபடி பிடிக்கவைத்து, இந்த முறை ஹோஸுக்கு முந்தைய இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கேயே பிரேக் விட்டால் மாஸ்டர் சிலிண்டர்தான் காரணம், பெரும்பாலும் பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடில் சிறு இடைவெளி (பிளே) இல்லாததால் ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். விடவில்லையென்றால் ஹோஸின் உட்பகுதி உப்பி அடைத்திருக்கிறது. வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும், நம்பாமல் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் முதலில் டயர் ஹோஸைக் கழற்றி அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். பாட்டிலில் மிஞ்சிய ஆயிலை டின்னில் திருப்பி ஊற்றாதீர்கள். டயர் காற்றின் ஈரம் அதில் ஏறியிருக்கும். நீர் சேரச் சேர ஆயிலின் கொதிநிலை இறங்கும்: டாட் 4 என்ற தர ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 155.