கிராண்ட் கேன்யன் ஒருநாள் சுற்றுலா: 716 டாலரை விழுங்கிவிட்டார்கள், எச்சரிக்கை!

லாஸ் வேகாஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்கு ஒருநாள் பயணம் பதிவு செய்ய நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னவெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு பேருக்கு 716 டாலர், முழுவதும் முன்பணம்.

பல நிறுவனங்களின் சுற்றுலாக்களை ஒரே இடத்தில் விற்கும் இணையதளம் அது. பக்கத்தின் உச்சியில் டெசர்ட் வியூ வாட்ச்டவரின் படம். கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932-இல் எழுந்த அந்தக் கல்கோபுரம் கேன்யனின் தெற்கு விளிம்பில், தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. கீழே பயணத் திட்டம்: டெசர்ட் வியூ சாலையில் காட்சிமுனைகள், விளிம்புப் பாதையில் நடை, விரும்பினால் சவுத் கைபாப் பாதையில் ஊ ஆ பாயிண்ட் வரை இறங்கி ஏறலாம். “பூங்கா ஷட்டில் கட்டணம் உட்பட” என்று வேறு போட்டிருந்தது. தெற்கு விளிம்பில் ஷட்டில் பஸ் இலவசம் என்பது பிறகுதான் தெரிந்தது!

சந்தேகம் கேட்க அந்தத் தளத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். என் பெயரைக் கேட்டதும் எதிர்முனையில் இருந்தவர் தமிழில் பேசத் தொடங்கினார். அப்பாவுக்கு முட்டி வலி என்றேன். “கவலையே வேண்டாம் சார். மேத்தர் பாயிண்டிலிருந்து யாவபாய் வரை தார்ப் பாதைதான், அப்பா மெதுவாக நடந்துவிடுவார். நான் வண்டிக்காரரிடம் சொல்லிவைக்கிறேன்” என்றார். இடத்தின் பெயரைச் சொல்லி, பாதையைச் சொல்லி, அப்பா என்று உறவும் கொண்டாடிய மனிதரை எப்படிச் சந்தேகிப்பது? அவர் வைப்பதற்குள் பணத்தைக் கட்டிவிட்டேன்.

தெற்கு விளிம்புக்குப் போகும் வண்டி கிங்மன் போய், ஐ-40 நெடுஞ்சாலையில் கிழக்கே ஓடி, வில்லியம்ஸில் வடக்கே திரும்ப வேண்டும். எங்கள் வண்டி கிங்மனுக்கு வெகு முன்பே இடப்பக்கம் பியர்ஸ் ஃபெர்ரி சாலையில் திரும்பியது. இருபுறமும் ஜோஷுவா மரங்கள். ஓட்டுநரிடம் கேட்டேன். “எனக்குக் கொடுத்த தாளில் மேற்கு விளிம்பு என்றுதான் இருக்கிறது” என்று நீட்டிக் காட்டினார்.

மேற்கு விளிம்பு ஹுவாலபாய் பழங்குடி மக்களின் நிலம். அது தேசியப் பூங்கா அல்ல. நுழைவுச்சீட்டு வேறு, பூங்காவின் ஆண்டு அட்டையும் அங்கே செல்லாது. அந்த இடத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஈகிள் பாயிண்ட் அழகாகவே இருக்கிறது, கண்ணாடிப் பாலத்துக்காகவே வருகிறவர்களும் உண்டு. நான் பணம் கொடுத்தது அதற்கு அல்ல. அங்கிருந்து தெற்கு விளிம்புக்குச் சாலை வழியே நான்கைந்து மணி நேரம் ஆகும். “கோபுரம் எங்கேப்பா?” என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

திரும்பியதும் இணையதளத்துக்கு எழுதினேன். “வண்டி நிறுவனத்தைக் கேளுங்கள்” என்றார்கள். வண்டி நிறுவனமோ, “பதிவு செய்த தளத்தைக் கேளுங்கள்” என்றது. தமிழ் பேசிய அந்த நல்ல மனிதர் ஒருவழியாகக் கிடைத்தார்; இந்த முறை ஆங்கிலத்தில்தான் பேசினார். “இரண்டும் ஒரே கேன்யன்தானே? போய்ப் பார்த்துவிட்டீர்கள், சேவை முடிந்தது.” 716 டாலருக்குப் பதிலாக அடுத்த பயணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம்! இதற்கிடையே இணையப் பக்கத்திலிருந்த கோபுரப் படத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள். திரைப்பிடிப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. உறுதிச்சீட்டில் “தெற்கு விளிம்பு, தேசியப் பூங்கா” என்று எழுத்தில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். தெற்கு விளிம்பு வேகாஸிலிருந்து ஏறக்குறைய 280 மைல். போய்வரவே ஒன்பது மணி நேரம் ஆகும். மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் அது வேறு விளிம்பு. பணம் கட்டும் அன்றே பக்கத்தை முழுவதும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் அட்டையில் மட்டும் கட்டுங்கள்.

என் அட்டை வங்கியில் 716 டாலருக்கும் ஆட்சேபம் பதிந்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.