பிராட்வேயில் வாங்கிய இதய மாடல்: ஆறு மாதம் வைத்துப் பாடம் எடுத்த பிறகு எழுதுகிறேன்

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர் வருகிறார்கள். வருடா வருடம் இதயப் பாடம் வந்தால் படம் வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டுவேன், அவர்களும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள், ஆனால் நுரையீரலுக்குப் போன ரத்தம் திரும்பி எந்த அறைக்கு வரும் என்று குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் முழிப்பார்கள். அதற்காகத்தான் பிராட்வேயில் லேப் சாமான் விற்கும் ஒரு கடையில் 1,450 ரூபாய் கொடுத்து, இரண்டாகப் பிரிக்கிற பிளாஸ்டிக் இதயம் வாங்கினேன்.

நிஜ அளவுதான், மூடிய கை அளவு. அதே கடையில் இதைவிடப் பெரிய மாடலும் இருந்தது, பார்க்க எடுப்பாக இருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பிள்ளைகள் இதை வாங்கித் தங்கள் நெஞ்சில் வைத்துப் பார்த்து, "இவ்வளவுதானா மிஸ்!" என்று கேட்டபோதே பாதிப் பாடம் முடிந்துவிட்டது. இந்தக் கையளவு சதை நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது என்று சொன்னதும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

முன்பக்கத்தைக் கழற்றினால் நான்கு அறைகளும் தெரியும், மேலே இரண்டு ஏட்ரியம், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள். சுவரின் தடிமனை நன்றாகச் செய்திருக்கிறார்கள். வலது வெண்ட்ரிக்கிள் சுவரையும் இடது வெண்ட்ரிக்கிள் சுவரையும் விரல் நடுவில் பிடித்துப் பார்த்த ஒரு பெண், இது ஏன் மூன்று மடங்கு தடி என்று கேட்டாள், கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "வலது பக்கம் பக்கத்துல இருக்கிற நுரையீரலுக்குத் தள்ளினா போதும், இடது பக்கம் கால் விரல் வரைக்கும் தள்ளணும்." படம் வரைந்து காட்டிய வருடங்களில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை.

அப்புறம் நூல். எம்.சி. ரோட்டில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என்று உல்லன் நூல் வாங்கி வந்து கோக்கச் சொன்னேன், நீலம் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்துக்கு, சிவப்பு ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்துக்கு. பெருஞ்சிரை வழியாக வலது ஏட்ரியத்தில் நுழையும் நீல நூல் மூவிதழ் வால்வைத் தாண்டி வலது வெண்ட்ரிக்கிளுக்கு வந்து, அங்கிருந்து நுரையீரல் தமனி வழியாக வெளியே போய்விடும். நடுச்சுவரில் ஓட்டை இருக்கிறதா, நேராக இடது பக்கம் போகுமா என்று ஒரு பையன் தடவித் தேடினான். கேலன் என்ற பழங்கால மருத்துவரும் அங்கே கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாகத்தான் சொன்னார், அதைப் பல நூற்றாண்டுகள் எல்லோரும் நம்பினார்கள், ரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி எழுதியது 1628-ல். ஓட்டை இல்லாததால் நுரையீரலைச் சுற்றிவிட்டுத்தான் சிவப்பு நூல் இடது ஏட்ரியத்துக்கு வர முடியும், அங்கிருந்து ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. எங்கள் வகுப்பில் காசிமேட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், அம்மா மீன் வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். மீனுக்குச் செவுள் கிட்டேயே இதயம் இருக்கும், அதில் இரண்டே அறை, செவுளுக்குப் போன ரத்தம் திரும்ப இதயத்துக்கு வராமல் அப்படியே உடம்புக்குப் போய்விடும் என்று சொன்னதும், நமக்கு ஏன் நான்கு அறை என்பதை அவர்களே மற்றவர்களுக்கு விளக்கினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வால்வு எல்லாம் கெட்டிப் பிளாஸ்டிக், அசையாது. வால்வு இதழைக் கீழே இழுத்துப் பிடிக்கும் நரம்பு போன்ற நாண்களை வெறும் வெள்ளைக் கோடாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அவை இல்லையென்றால் இதழ் மேலே மடங்கி ரத்தம் பின்னால் போய்விடும் என்பதை இதில் காட்டவே முடியாது. நான் தெருவில் இருக்கும் அடிபம்பை வைத்துத்தான் சொன்னேன், வாஷர் தேய்ந்தால் ஏறிய தண்ணீர் கீழே இறங்கிவிடும் அல்லவா, அது எல்லோர் வீட்டுக்கும் தெரிந்த விஷயம்.

எனக்குக் கோபம் வந்தது லேபிள் அட்டையில். நுரையீரல் தமனிக்கும் நுரையீரல் சிரைக்கும் எண்ணை மாற்றிப் போட்டிருந்தார்கள். நீலமாக இருந்தால் சிரை என்று அச்சடித்தவர் நினைத்திருக்க வேண்டும். இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, உள்ளே வருவது சிரை, நிறத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை, இந்த ஒரு இடத்தில்தான் பிள்ளைகள் எப்போதும் மார்க் இழக்கிறார்கள், அதிலேயே தப்பு! கடைக்குத் திரும்பப் போய்க் காட்டினேன், கம்பெனியிலிருந்து அப்படித்தான் வருகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் நானே திருத்தினேன். முன்பக்கத்தை ஒட்டிப் பிடிக்கும் காந்தமும் கொஞ்சம் வீக், சாய்த்துப் பிடித்தால் முன்பக்கம் கழன்று விழும்.

இருந்தாலும் டியூஷன் எடுப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், காசுக்கு மேலேயே உழைக்கிறது. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே திறந்து பாருங்கள். இடது ஏட்ரியத்துக்குள் நுரையீரல் சிரைகள் நுழைய நான்கு துளைகள் இருக்க வேண்டும், இரண்டே இருந்தால் வேறு பீஸ் கேளுங்கள். லேபிள் அட்டையையும் பத்தாம் வகுப்புப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.