ஜெர்மன் நியூ வேவ் தட்டுகள்: முதல் அச்சா, மறுபதிப்பா?

அந்தக் காலத்திலேயே வந்த முதல் அச்சு, பின்னாளில் மறுபடி அச்சிட்ட மறுபதிப்பு, இரண்டு வகை இசைத்தட்டுகளும் என் அலமாரியில் இருக்கின்றன. நியூ வேவ் என்ற புது இசை அலை ஜெர்மனியில் எழுந்த 1980ஐ ஒட்டி டுசல்டார்ஃபிலும் ஹாம்பர்க்கிலும் சின்ன கம்பெனிகள் போட்ட எலக்ட்ரானிக் தட்டுகளைப் பொறுத்தவரை, இனி மறுபதிப்பு என்றே முடிவெடுத்துவிட்டேன்.

விலை விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விற்கும்போது முதல் அச்சுக்குத்தான் மதிப்பு. அதில் பேச்சே இல்லை. ஆனால் போட்டுக் கேட்பதற்காக வாங்கினால், எல்லாமே இரைச்சலில்தான் வந்து நிற்கிறது.

டெர் பிளான் குழுவின் 'கெரி ரைக்' (1980) போன்ற தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான சின்தசைசர், ஒரு ரிதம் மெஷின், நடுவில் நிறைய காலியிடம். 33⅓ வேகத்தில் சுற்றும் தட்டில் ஒரே ஒரு குறுக்குக் கீறல் இருந்தால் 1.8 நொடிக்கு ஒருமுறை 'டக்' என்று கேட்கும். கிட்டார் சத்தத்தில் அது அமுங்கிப்போகும். இங்கே ரிதம் மெஷின் ஒரு கணக்கில் போக, கீறல் வேறு கணக்கில் போகும். ஒருமுறை அதைக் கவனித்துவிட்டால் காது அதை விடாது.

கீறலாவது கண்ணுக்குத் தெரியும். தேய்மானம் தெரியாது. விற்பவர்களில் பலர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு 'விஜி பிளஸ்' (மிக நல்ல நிலைக்கும் ஒரு படி மேல்) என்று போடுகிறார்கள். பளபளவென்று இருக்கும் தட்டிலும் பழைய ஊசி பள்ளத்தைத் தின்றிருக்கலாம். லேபிளை நெருங்க நெருங்க உச்ச ஒலிகள் கரகரக்கும். கழுவினால் தூசி போகும், தேய்ந்தது திரும்பாது. அதனால் முதல் அச்சு வாங்கினால் 'போட்டுக் கேட்டீர்களா?' என்று கட்டாயம் கேளுங்கள்.

மறுபதிப்பு எல்லாமே நன்றாக இருக்கும் என்றும் இல்லை. மூல நாடா கிடைக்காமல் பழைய தட்டிலிருந்தே எடுத்திருந்தால் அந்தப் பொரிசத்தமும் கூடவே வரும், அல்லது அதைத் துடைக்கப் போய் ஒலி மங்கியிருக்கும். எதிலிருந்து எடுத்தார்கள் என்று உறையில் பாருங்கள். எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் கோன்ராட் ஷ்னிட்ஸ்லர் 1973இல் சொந்தமாக வெளியிட்ட 'ரோட்' தட்டை ஹாம்பர்க்கின் பியூரோ பி என்ற இசைத்தட்டுக் கம்பெனி மறுபடி கொண்டுவந்தது. இப்படிப்பட்ட வெளியீடுகளில் எனக்கு நம்பிக்கை உண்டு. அப்புறம், உள்ளே இருக்கும் குறிப்புகளும் படிக்கத் தக்கவை.

அதே அலையில் பெரிய ஹிட் கொடுத்த நேனா, டிரியோ குழுக்களின் கதை வேறு. பெரிய கம்பெனிகள் அச்சிட்டுக் குவித்ததால் முதல் அச்சே மலிவாகக் கிடைக்கிறது. அங்கே மறுபதிப்புக்குக் காசு கொடுப்பது வீண். மறுபதிப்பே வராத சிங்கிள்களுக்கும் முதல் அச்சைத் தவிர வழியில்லை.

அந்தக் காலத்தில் வீட்டிலேயே பதிவு செய்து விற்ற கேசட்டுகளும் இருக்கின்றன. என் கையில் வந்தவை சில மட்டுமே, அதனால் உறுதியாகப் பேச மாட்டேன். வந்தவற்றில் நாடாவைவிட, அதை டேப் பிளேயரின் ஒலி படிக்கும் தலையோடு (ஹெட்) அழுத்தும் பஞ்சுத் துண்டுதான் முதலில் கழன்றது. அதை மாற்றி ஒட்டிவிடலாம்.