தேயிலையா, கேரட்டா?

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு ஏக்கர் இருந்தால் எதைப் போடுவது? தேயிலை நிரந்தரம் என்பார்கள். செடி என்னவோ ஐம்பது வருஷம் தாண்டியும் நிற்கும்; விலை நிற்காது. 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது பறிகூலிக்கே கட்டவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் ஆதார விலைப் பேச்சு வரும். கேட்டுக்கொள்ளலாம், அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

கேரட் அப்பட்டமான சூதாட்டம். மார்கழி, தை உறைபனியில் தழை கருகலாம். கழுவி மூட்டை கட்டி, லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேரும்வரை விலை தெரியாது. ஆனால் தோற்றாலும் மூன்று நான்கு மாதம்தான். அப்புறம் பீட்ரூட்டுக்கு மாறலாம். தேயிலையைப் பிடுங்கிப் போடுவது லேசில்லை.

என் ஓட்டு கேரட்டுக்கு. வட்டி கட்டுகிறவர்களுக்கு மட்டும் தேயிலையே சரி: மாதாமாதம் கொஞ்சமாவது கைக்கு வரும்.