ஆறாம் வகுப்பு: எலிமெண்டரியிலா, மிடில் ஸ்கூலிலா?

அமெரிக்காவில் ஒரு ஊரில் ஆறாம் வகுப்பு எலிமெண்டரி பள்ளியோடு இருக்கும். வீடு மாறிப் போனால் அங்கே அது மிடில் ஸ்கூலில் இருக்கும். யூட்டா மாநிலத்தில் பல பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) ஆறுவரை எலிமெண்டரியிலேயே வைத்திருக்கின்றன. நாட்டின் பெரும்பகுதியில் 6 முதல் 8 வரை மிடில் ஸ்கூல். இதைக் குழந்தை வளர்ச்சி பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எந்தக் கட்டடத்தில் இடம் இருக்கிறது என்பதே பல இடங்களில் முடிவு செய்கிறது.

மிடில் ஸ்கூலின் பலம் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் இருப்பது. கூடவே அறிவியல் லேப், பேண்ட் வாத்தியக் குழு, கணக்கில் வேகமான பிரிவு. எட்டாம் வகுப்புக்குள் அல்ஜீப்ரா முடிந்தாக வேண்டும் என்று கணக்குப் போடும் வீடுகளில் (நம்மவர்களைத்தான் சொல்கிறேன்) இதற்கு மவுசு அதிகம். எலிமெண்டரியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடமும் எடுப்பார். அவருக்கே கணக்கு பிடிக்காது என்றால் அந்த வருஷம் போனதுதான்.

ஆனால் அதே ஆசிரியர் நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்க்கிறார். முகம் வாடினால் தெரியும். யாரோடு பேசுவதை நிறுத்திவிட்டான் என்றும் தெரியும். ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகளுக்குமேல் பார்க்கும் மிடில் ஸ்கூல் ஆசிரியரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பதினோரு வயதில் அல்ஜீப்ராவைவிட இது முக்கியம் என்பது என் கட்சி.

ஆய்வுகளும் ஏறக்குறைய அந்தப் பக்கமே நிற்கின்றன. வட கரோலைனா அரசுப் பள்ளித் தரவுகளை வைத்து 2008-இல் வெளியான ஆய்வில், மிடில் ஸ்கூலில் இருந்த ஆறாம் வகுப்பினர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானது எலிமெண்டரியில் இருந்தவர்களைவிட மிக அதிகம். குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை; ஒன்பதாம் வகுப்புவரை தொடர்ந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸிலும் ஒரே வராந்தாவிலும் நடமாடினால் அவர்களைப் பார்த்துத்தான் பழகுவார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதற்காக ஏழாம் வகுப்பில் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. நியூயார்க் நகரப் பள்ளிகளை ஆராய்ந்து 2010-இல் வந்த ஆய்வில், ஆறில் மாறியவர்களும் மதிப்பெண்ணில் சறுக்கினார்கள், ஏழில் மாறியவர்களும் சறுக்கினார்கள். மாறாமல் ஒரே பள்ளியில் எட்டுவரை படித்தவர்கள்தான் தப்பித்தார்கள். அந்த மூன்றாவது வழிக்கு அங்கே கே-8 (கிண்டர்கார்டன் முதல் எட்டுவரை) என்று பெயர். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டுவரை நடக்கும் நடுநிலைப்பள்ளியும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான். பிலடெல்பியா போன்ற நகரங்கள் 2000-களில் மிடில் ஸ்கூல்கள் பலவற்றைக் கைவிட்டு இதற்குத் திரும்பின. குறையும் இல்லாமல் இல்லை: வகுப்புக்கு ஒன்றிரண்டு பிரிவுதான் இருக்கும் என்பதால் ஆர்கெஸ்ட்ராவோ வேகக் கணக்கோ கிடைப்பது கஷ்டம்.

எனவே என் வரிசை: முதலில் கே-8, அடுத்து ஆறுவரை எலிமெண்டரி, கடைசியில் 6-8. கடைசியதுதான் உங்கள் ஊரில் இருக்கிறது என்றால், சேர்க்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆறாம் வகுப்பினருக்குத் தனி வளாகப் பகுதி உண்டா? நான்கைந்து ஆசிரியர்கள் ஒரு குழுவாக அதே பிள்ளைகளை மட்டும் பார்க்கிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் பயம் பாதி குறையும்.